முன்னறைக்கு மூன்று மாலை

என் மாமனாரின் தம்பிக்கு இல்லை என்று சொல்ல வராது. கல்யாணமாகி நான் ஊட்டிப் பக்கத்து மஞ்சூருக்கு வந்த முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிட்டது. ஒரு காலையில் யாரோ ஒருவர் பழைய துண்டில் சுற்றிய நாய்க்குட்டியோடு வாசலில் வந்து நின்றார். வீட்டில் ஏற்கெனவே நான்கு நாய்கள். சின்ன மாமா குட்டியை வாங்கி ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு, "வரட்டும், வரட்டும்" என்றார். என் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய் உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டார்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. எங்கள் வீட்டில் வேண்டாம் என்பதை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவோம். அப்படி வளர்ந்துவிட்டு, யார் எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிற ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியமில்லை. சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். இரண்டும் ஒரே சமயத்தில் வந்த நாள்களும் உண்டு.

ஆள் நல்ல உயரம். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கம்பளிக் குல்லாய். கேட்கிறவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை ஆட ஆரம்பித்துவிடும். என்ன கேட்கப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஆட்டுவதில்லை. கேட்க வந்தவருக்குக் கேட்கிற சங்கடம் இருக்குமே, அதைக் கொஞ்சம் சீக்கிரமாகத் தீர்த்துவைப்போம் என்றுதான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இந்தத் தலைதான் காரணம் என்று மாமியார் சொல்லுவார். காரமடைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் அப்பா கேட்டதற்குத் தலையாட்டியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் சொந்தக்காரர் ஒருவர் வண்டியை மறித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் பெண்ணைக் காட்டியிருக்கிறார். அவர் மனமும் நோகக் கூடாதே, அங்கேயும் தலையாட்டிவிட்டார். ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் தட்டு மாற்ற நாள் குறித்துக்கொண்டு வந்து நிற்க, விஷயம் வெளிப்பட்டு, இரண்டு பேருமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். அதற்கப்புறம் அவர் யார் வீட்டுக்கும் பெண் பார்க்கப் போகவில்லை. இதை மாமியார் சிரித்துக்கொண்டு சொன்னார், நானும் சிரித்தேன். சின்ன மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் குடும்பத்துக்குத் தேயிலை ஃபேக்டரி. எஸ்டேட் கிடையாது. சுற்றிலும் உள்ள விவசாயிகள் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் பறிக்கும் பச்சை இலையை வாங்கித் தூளாக்கி விற்கிறோம். ஃபேக்டரியை ஓட்டுவது மாமனார். ஊர் ஊராகப் போய் இலைக்குச் சொல்லி வைப்பது சின்ன மாமா. விவசாயிகள் படுக மொழியில் கேட்டால் படுக மொழியிலேயே பதில் சொல்லுவார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குள் வந்தாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் எருக்குழிக்குத்தான் போகும். அதனால் பறிப்பதற்கு முந்தின நாளே விவசாயி கேட்டுவிடுவார், நாளைக்குப் பறிக்கலாமா என்று. மழை பெய்து இலை குவிகிற மாதங்களில் மற்ற ஃபேக்டரிகளில் இரண்டு நாள் பொறுங்கள் என்று கைவிரித்துவிடுவார்கள். எங்கள் ஆள் மட்டும் "வரட்டும்" என்பார். சாயங்காலம் ஜீப்பு மேல் ஜீப்பாக மூட்டைகள் வந்து இறங்கும். இலையை வாடப் போடுகிற நீளத் தொட்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். மாமனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் எங்கேடா போடுவது, உன் தலையிலா என்பார். "கொஞ்சம் பரத்திப் போட்டா ஆயிருமுங்கண்ணா" என்பார் இவர்.

வேடிக்கை என்னவென்றால், ஆகிவிடும். ஆட்களை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி, நடைபாதையில் கூடப் படுதா விரித்து, மிச்சத்தைத் தெரிந்த ஃபேக்டரிக்கு அனுப்பி எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அந்த வாரத்துத் தூளை ஏலத்தில் சீந்த ஆளிருக்காது, அது வேறு விஷயம். ஆனால் மழை நின்று இலை குறைந்து, எல்லா ஃபேக்டரியும் இலைக்கு அலைகிற மாதத்தில் எங்கள் ஃபேக்டரிக்கு மட்டும் மூட்டை வந்துகொண்டே இருக்கும். மாமனாருக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நான்கைந்து வருஷங்களுக்கு முன்னால் தேயிலையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் ஒரு இடம் இருந்தது. அதில் ஒரு பழைய இலைக் கொட்டகையும் ரோட்டோரமாக ஒரு டீக்கடையும். இந்த மலையில் கையில் நாலு காசு சேர்ந்தால் எல்லோரும் லாட்ஜ்தான் கட்டுவார்கள். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார். டாக்டர்களுக்கும் லேபுக்கும் டயாலிசிசுக்கும் மட்டும் வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு கட்டடம். எங்கள் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ அத்தனை வளைவையும் கடந்து போய், வாந்தியெடுத்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி கம்பெனி ஒன்று, தாங்கள் சொல்கிறபடி கட்டிக் கொடுத்தால் கீழ்த்தளத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றது. சுத்திகரித்த தண்ணீருக்குத் தனிக் குழாய், அதற்கென்று சாக்கடை, ஸ்ட்ரெச்சர் திரும்புகிற அளவுக்குக் கதவு, ஜெனரேட்டருக்கு மேடை என்று நீளமாகச் சொன்னார்கள். அந்தக் கம்பெனி வரும் என்ற தைரியத்தில்தான் பேங்க்காரர்களும் கடனுக்குத் தலையசைத்தார்கள்.

சின்ன மாமாவிடமும் சம்மதம் கேட்டோம். என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டட வேலை என் வீட்டுக்காரருக்கு, வாடகைக்கு வருகிறவர்களோடு பேசுவது எனக்கு, ஃபேக்டரி மாமனாருக்கு என்று பிரித்துக்கொண்டோம். சின்ன மாமாவிடம் நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம். சும்மா இருக்கச் சொன்ன மனிதர் பொழுது விடிந்தால் கட்டடம் கட்டுகிற இடத்துக்குப் போய் நின்றுவிடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள், அவரும் சொல்லுவார். அடுத்தபடியாக அவர்கள் என்ன கேட்பார்கள் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ரோட்டைப் பார்த்திருந்த முன்னறையின் வாசல் நிலைதான் கட்டடத்திலேயே கிழக்குப் பார்த்தது. அதனால் நிலை வைக்கும் பூஜையை அங்கே வைத்திருந்தோம். ஐயர் வந்து, மஞ்சள் துணியில் நவதானியம் கட்டி, நாங்கள் மாலை போடப்போகும் நேரத்தில் ஊட்டியிலிருந்து ஒரு பல் டாக்டர் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். கையில் தட்டு, தேங்காய், பழம், மாலை. முறையாகச் செய்கிறாரே என்று நினைத்தேன். பின்னாலேயே குன்னூரிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், அவர் கையிலும் தட்டு. மூன்றாவதாக ரோட்டைத் தாண்டி லெட்சுமியக்கா வந்தார், செவ்வந்தி மாலையோடு. அந்த இடத்தில் முன்பு டீக்கடை வைத்திருந்தவர் அவர்தான். மூன்று பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிலையில் மூன்று பேருமே மாலை போட வந்திருந்தார்கள், தங்களுடைய அறை என்று.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சின்ன மாமாவைப் பார்த்தோம். அவர் குல்லாயைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கடைசியில் மூன்று மாலையையும் அந்த நிலைக்கே போட்டோம். நாங்கள் கொண்டுபோன மாலையை ஜெனரேட்டர் மேடையில் வைத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஒரு அறையை மூன்று பேருக்கு எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். அவருக்கு அதில் தப்பு இருப்பதாகவே படவில்லை.

"மூணு மூட்டை சேர்ந்து வந்தாப் பரத்திப் போடறதில்லீங்களா அம்மணி?"

அறையைப் பரத்த முடியாதுங்க சின்ன மாமா என்றேன். அவர் அதை நிஜமாகவே யோசித்தார். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செவத்தை ஒரு முழம் தள்ளிக் கட்டுனா?" என்றார். எனக்கு வந்த கோபம் அதோடு போய்விட்டது. முப்பது நாற்பது வருஷம் இலை வாங்கிய மனிதருக்கு, இடம் என்பது இழுத்தால் வருகிற ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பல் டாக்டரையும் கண்ணாடிக் கடைக்காரரையும் சமாளிப்பது எளிதாக இருந்தது. கட்டட வரைபடத்தில் மேல்தளத்து நல்ல அறைகள் இரண்டைக் காட்டினேன், கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மிச்சமிருந்தது லெட்சுமியக்கா. டீக்கடையை மாடியில் வைக்க முடியாது. மலையில் நினைத்த உயரத்துக்கும் அகலத்துக்கும் கட்ட விடமாட்டார்கள், கீழே இருந்த இடம் அவ்வளவுதான். அதிலும் ஆஸ்பத்திரி கம்பெனி முன்னறை உட்படக் கீழ்த்தளம் முழுவதும் வேண்டும், முன்னறையில் மருந்துக் கடை வரும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது.

லெட்சுமியக்காவின் அம்மா சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். தாயும் மகளும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் லெட்சுமியக்கா டீக்கடை போட்டார். கணவர் இல்லை, மகன் திருப்பூர் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அந்தக் கடைதான் சோறு. எங்கள் இடத்தைக் காலி செய்யச் சொன்னபோது எதிர்ப்பக்கம் சாக்கடையோரமாக நாலு தகரத்தை நட்டு அங்கே அடுப்பைக் கொண்டுபோய் வைத்தார். நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் வந்து அந்தத் தகரத்தை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றும் பேச்சு. முன்னறை இல்லை என்றால் அவருக்குப் போக இடமில்லை. இது எனக்கும் தெரியும். ஆனால் கம்பெனி இல்லை என்றால் எங்களுக்குக் கடன் இல்லை, கட்டடம் பாதியில் நிற்கும், ஃபேக்டரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நானே போய் லெட்சுமியக்காவிடம் சொல்லிவிடுவதாகக் கிளம்பினேன்.

சின்ன மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வாக்குக் குடுத்தது நானு. நாந்தான் போய்ச் சொல்லோணும்" என்றார். நானும் கூடவே போனேன். இல்லை என்று சொல்லப் போகிறவர் இன்னொரு அறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

அன்றைக்கு நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவது காதில் விழாது. லெட்சுமியக்கா எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். "தேத்தண்ணி குடிங்க ஐயா" என்று கொடுத்தார். சின்ன மாமா குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். இலை வருவதைப் பற்றிப் பேசினார். மூன்றாவது தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டார். நான் அவர் முழங்கையை இடித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த முன் ரூமு உனக்கு ஆகாது போல இருக்குதம்மா."

லெட்சுமியக்கா அடுப்பைக் குறைத்து வைத்தார். முகம் மாறவே இல்லை.

"தெரியுங்க ஐயா. நீங்க சொன்ன அன்னைக்கே தெரியும். ஐயா வரட்டும்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல மனசு வரலைன்னு அர்த்தம். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

பிறகு மாலை எதற்கு என்று சின்ன மாமா கேட்டார். கேட்டது அவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு மெல்லிய குரல்.

"நான் வராட்டி ஐயா மனசு நோகுமேன்னுதான் கொண்டாந்தேன்" என்றார் லெட்சுமியக்கா.

குத்திக்காட்டவெல்லாம் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார். டீக்குக் காசு நீட்டியபோதும் வாங்கவில்லை. அவர் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் சின்ன மாமா தாங்கிக்கொண்டிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு மூன்று பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தேவர்மலை வளைவு தாண்டி வீட்டு ஏற்றத்தில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

"ஏன் அம்மணி, நீயும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தியா? நான் சொல்றது சும்மான்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. ஆமாங்க சின்ன மாமா என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மேனேஜர் கையெழுத்து வாங்க வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன், மலை ஏறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. மாமியார் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார். முதலில் மாமனார் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தம்பி பக்கம் நகர்த்தினார். சின்ன மாமா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"இல்லைங்க" என்றார்.

யார் பேசியது என்று மாமனார் திரும்பிப் பார்த்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மேனேஜருக்குப் புரியவில்லை, சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சின்ன மாமா சொன்னார்.

"இல்லைங்க. முன் ரூமு குடுத்தாச்சுங்க. அதை உட்டுப்போட்டு மிச்சத்தை எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க."

மாமனார் எழுந்துவிட்டார். யாருக்கு, எப்போது, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கத்தினார். ஒரு டீக்கடைக்காகவா என்றார். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டு வீட்டுக்குத்தானா உன் இல்லை என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்குமே வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இரண்டு வருஷம் அலைந்து கொண்டுவந்த கம்பெனி. மேனேஜர் பையன் காகிதங்களை அடுக்கிப் பையில் வைக்கிறதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.  சின்ன மாமா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. மாமனார் தம்பியோடு பேசுவதை விட்டார். நானும் பேசவில்லை, அதை மறைக்க என்ன இருக்கிறது. பேங்க்கிலிருந்து போன் வரும்போதெல்லாம் சின்ன மாமா அறை வாசலில் வந்து நிற்பார். என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டார், நாங்கள் பேசும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நடுவில் காய்ச்சலில் விழுந்தார். சுக்குக் காபி கொண்டுபோய் வைத்தபோது, "பயமாத்தான் இருக்குது அம்மணி" என்றார். பிறகு என்னத்துக்கு இந்தப் பிடிவாதம் என்றேன். "அவ நம்பலையே" என்றார்.

அந்தக் காய்ச்சல் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முறுக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பெனிக்காரர்கள் மற்ற ஊர்களிலும் இடம் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி ஏற்கெனவே போட்டு வைத்த கட்டடம் இந்தப் பக்கத்தில் எங்களுடையதைத் தவிர வேறு இல்லை. ஐப்பசி வாக்கில் திரும்பி வந்தார்கள். முன்னறை வேண்டாம், ஆனால் அதற்கும் உள்ளுக்கும் நடுவில் கதவு ஜன்னல் எதுவும் இல்லாத சுவர் வேண்டும், மருந்துக் கடையை உள்ளே வைத்துக்கொள்கிறோம், வாடகையைக் குறைக்க வேண்டும் என்றார்கள். குறைத்தோம். கொஞ்சமாக அல்ல, நன்றாகவே குறைத்தோம். இன்றைக்கும் வாடகை வருகிற தேதியில் மாமனார் அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டார். தம்பி இருந்தபோதும் சொன்னார், போன ஆவணியில் தம்பி போய்ச் சேர்ந்த பிறகும் சொல்கிறார். 

கம்பெனி திரும்பி வந்த பிறகு ஊரிலும் ஒரு மாற்றம் வந்தது. சின்ன மாமா இல்லை என்று சொன்ன கதை எப்படியோ பரவிவிட்டது. முன்பெல்லாம் அவர் வரட்டும் என்றால் சிரித்துக்கொண்டு போவார்கள். இப்போது நின்று, நிஜமாகவே வரலாமுங்களா என்று கேட்டார்கள். அவர் அதற்குப் பதில் சொல்லும் முன் யோசிக்க ஆரம்பித்தார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு விவசாயியிடம் நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள் பறியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். மாமனார் உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பார். எனக்கு என்னவோ சின்ன மாமா கொஞ்சம் இளைத்துப்போன மாதிரி இருந்தது. தன் வார்த்தையை ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய பாரமாகிவிட்டது.

கட்டடம் திறந்த அன்றைக்கு லெட்சுமியக்காவிடம் சாவியைக் கொடுத்தோம். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் சாவியை வாங்கியதோடு சரி. முன்னறையில் ஒரு குத்துவிளக்கையும் சாமி படத்தையும் வைத்துவிட்டு, ரோட்டை அகலப்படுத்துவது தள்ளிப்போயிருந்ததால் எதிர்ப்பக்கத் தகரக் கொட்டகையிலேயே டீ போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. டயாலிசிசுக்குத் துணையாக வந்தவர்கள் ரோட்டைத் தாண்டிப் போய் டீ வாங்கி வந்தார்கள். ஏன் இன்னும் மாறவில்லை என்று கேட்டால் அடுப்பு சரியில்லை என்பார், நாள் பார்க்கிறேன் என்பார். எனக்குப் புரிந்தது. அந்தச் சாவியையும் யாராவது ஒருநாள் வந்து திருப்பிக் கேட்பார்கள் என்று அவர் நினைத்தார். அப்போது போய் நிற்க அந்த நாலு தகரமாவது இருக்கட்டும் என்று விட்டு வைத்திருந்தார். வாழ்நாளில் எத்தனை இடத்திலிருந்து கிளப்பப்பட்டவரோ, அவரைத் தப்பு சொல்ல முடியாது.

சின்ன மாமா தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில், லேசான தூறலில், ஃபேக்டரியிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார். என்ன ஏது என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் நேராகக் கொட்டகைக்குப் போய், அடுப்பிலிருந்த டீக் கெட்டிலைப் பத்திரமாக இறக்கிப் பெஞ்சில் வைத்தார். பிறகு கடப்பாரையை விட்டு முதல் தகரத்தை நெம்பினார். ஆணி பிடுங்கிக்கொண்டு தகரம் சரிந்து அவர் கையைக் கிழித்தது. லெட்சுமியக்கா பதறி, இருக்கட்டும் ஐயா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று கையைப் பிடித்தார்.

"இருக்கப்படாது" என்றார் சின்ன மாமா. "இனிமே உனக்குப் போறதுக்கு வேற எடமில்லை. அங்க வந்துதான் ஆகோணும்."

நாலு தகரத்தையும் அவரே பிடுங்கினார், என்னைத் தொடவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். ஊட்டி பஸ் பிரேக் போட்டு நின்று வழிவிட்டது. லெட்சுமியக்கா கெட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு அவர் பின்னாலேயே நடந்தார்.